வண்டுப் பானா

தமிழில் எழுத்தில்லாத ஐந்து சத்தங்களுக்கு நான் எழுத்துப் போட்டிருக்கிறேன். சொன்னால் சிரிப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தது இரண்டரை வருஷம். அதிலும் அரை வருஷம் அம்மை வார்த்துப் படுத்திருந்தேன். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாறும். ஆனாலும் போட்டது நான்தான். கூட ஒருத்தி இருந்தாள். சத்தங்களைக் கண்டுபிடித்ததில் பாதிக்கு மேல் அவளுடைய வேலை. எழுத்து மட்டும் என்னுடையது. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அவள் என் வீட்டுக்காரருக்குத் தங்கை. நான் தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்குப் பதினான்கு வயது, அவளுக்குப் பதின்மூன்று. என் வீட்டுக்காரர் போலீஸ் உத்தியோகம். மதுரைக்கும் அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு ஸ்டேஷனில் இருந்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு எடுப்பார், அவருடைய அம்மா வேறு பேச்சு எடுப்பாள், அதோடு சரி. மாமாவுக்கு வடகரையில் வயல் இருந்தது. காலையில் வண்டி கட்டிப் போனால் பொழுது சாய வருவார். அவ்வளவு பெரிய வீட்டில் பகல் முழுக்க நானும் அத்தையும் அவளும்தான். ஆனால் அத்தைக்குக் காது நல்ல காது. அடுக்களையில் நான் பெருமூச்சு விட்டால் வாசலிலிருந்து, "அங்கன என்ன பெருமூச்சு?" என்று கேட்பாள்.

அதனால் நாங்கள் முதலில் ககரப் பேச்சுப் பேசினோம். அது எல்லா ஊரிலும் பெண்பிள்ளைகள் பேசுவதுதான். ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் ஒரு 'க' போட்டுச் சொல்ல வேண்டும். வேகமாகச் சொன்னால் பழகாதவர்களுக்கு ஒன்றும் விளங்காது. நான் வந்த மூன்றாம் மாதம், அத்தையின் கொண்டையைப் பற்றி நான் ஏதோ சொல்ல, அவள் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கிணற்றடியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"கபாகத்திகரம் ககழுகவு. ககொகண்டைகயை அப்புறம் பாக்கலாம்."

எங்களுக்கு முன்னால் அவளும் பெண்பிள்ளையாக இருந்திருக்கிறாள் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்குத் தேய்த்த பாத்திரம் போல் நான் என்றைக்கும் தேய்த்ததில்லை. தேய்த்துக்கொண்டே அவள் என் காதில் சொன்னாள்: "மதினி, தமிழே இல்லாம ஒண்ணு செய்வோமா?"

அப்படித்தான் தொடங்கினோம். தமிழ்ச் சொல்லைத் திருப்பிப் போடுவது, எழுத்தைக் கூட்டுவது எல்லாம் வேண்டாம் என்று முடிவு. அத்தை கண்டுபிடித்துவிடுவாள். சொல்லே புதுச் சொல்லாக இருக்க வேண்டும், சத்தமும் முடிந்தவரைக்கும் தமிழில் இல்லாததாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டோம். காலையில் அவள் சொல்லுவாள், நான் அதையே அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழக்குவேன். மறுநாள் என் முறை. இப்படி இரண்டு வருஷத்தில் பேச்சு வளர்ந்துவிட்டது. வீட்டில் இருப்பது, சமைப்பது, வலிப்பது, கோபம், வெட்கம் எல்லாவற்றுக்கும் எங்களிடம் சொல் இருந்தது. பணத்துக்கு மட்டும் சொல் செய்யவில்லை. எங்கள் கையில் அது இருந்ததும் இல்லை.

சத்தங்களைச் சொல்லிவிடுகிறேன். யாராவது செய்து பார்ப்பதானால் சரியாகச் செய்ய வேண்டும்.

முதலாவது சொடுக்கு. நாக்கு முழுவதையும் மேலண்ணத்தில் அப்பி, சட்டென்று கீழே இழுத்தால் விரல் சொடுக்கினது போல் கேட்கும். வண்டிமாட்டை விரட்டுகிறவர்கள் செய்வது. அதை ஒரு சொல்லுக்கு முன்னால் வைத்தால் அது கேள்வி ஆகிவிடும். இரண்டாவது உச்சு. நாக்கு நுனியைப் பல்லுக்குப் பின்னால் வைத்து உள்ளே இழுப்பது, ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுவோமே, அதுதான். அது அத்தைக்குப் பெயர். மூன்றாவது உறிஞ்சு. உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், கன்றுக்குட்டியைக் கூப்பிடுகிறது போல. அதற்குப் பசி என்று பொருள். நான்காவது உதடு இரண்டையும் தளரவிட்டுப் படபடவென்று ஊதுவது. மாமா தலையில் தண்ணீர் ஊற்றும்போது அப்படித்தான் ஊதுவார். ஆகவே அது மாமா.

ஐந்தாவதுதான் வண்டு. அதைக் கண்டுபிடித்தவள் அவள்.

அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அத்தை மிளகு அரைத்துக் கழுத்தில் பற்றுப் போட்டிருந்தாள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க விரலை வைத்துக்கொண்டே என்னோடு பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்தாள். "பல்" என்றாள். பிறகு, "பயம்" என்றாள். பல் என்னும்போது தொடக்கத்தில் தொண்டை சும்மா இருந்தது. பயம் என்னும்போது, வாய் திறப்பதற்கு முன்னாலேயே உள்ளே ஏதோ குறுகுறுவென்று ஆடியது.

"உள்ள ஒரு வண்டு இருக்கு மதினி."

நான் என் தொண்டையிலும் வைத்துப் பார்த்தேன். எனக்கும் இருந்தது. குடம் என்றால் வண்டு இல்லை, குணம் என்றால் இருக்கிறது. தண்ணீருக்கு இல்லை, தைரியத்துக்கு இருக்கிறது. இத்தனை வருஷம் ஒரே பானா, ஒரே கானா என்று எழுதிக்கொண்டிருந்தோம். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு இருந்திருக்கிறது. அன்றைக்கு முழுவதும் நாங்கள் இருவரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டே திரிந்ததைப் பார்த்துவிட்டு, எனக்கும் தொண்டை கட்டிவிட்டது என்று அத்தை எனக்கும் பற்றுப் போட்டாள்.

அதிலிருந்து எங்கள் பேச்சுக்கு ஒரு சட்டம் வந்தது. எந்தச் சொல்லானாலும் முதலெழுத்துக்குள் வண்டை ஆட விட்டால் பொருள் தலைகீழாகிவிடும். 'கூமு' என்றால் இருக்கிறது. வண்டு விட்ட கூமு, இல்லை. 'தக்கி' என்றால் சூடு. வண்டு விட்ட தக்கி, ஆறிப்போனது. 'பினு' என்றால் வா. வண்டு விட்ட பினு, வராதே. அச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதற்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை. 'லோ' என்றால் மதினி. அவள் என்னைக் கூப்பிடும் பெயர். அவளுக்கு நான் வைத்த பெயரை இங்கே எழுதவில்லை.

சாரல் காலத்தில் சொந்தக்காரர்கள் எல்லாம் குற்றாலத்துக்குக் குளிக்கவென்று எங்கள் வீட்டில் வந்து இறங்குவார்கள். ஆடி முழுக்க எனக்கு அடுப்படிதான். ஒரு நாள் எல்லோருமாக மூன்று வண்டியில் அருவிக்குப் போனோம். அருவிக்குக் கீழே பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. பெண்கள் கூட்டத்தில் நான் ஒரு ஓரத்தில் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றேன். என் சேலை பாசியில் வழுக்கி எங்கோ போய்விட்டது என்று சித்தி முறை ஒருத்தி என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள், அவள் வாய் ஆடுவதுதான் தெரிந்தது. அப்போது அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு சொடுக்கு கேட்டது. திரும்பினேன். தூரத்தில் அவள் என் சேலையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அவ்வளவு தண்ணீர் கொட்டுகிற இடத்தில், அவ்வளவு ஜனத்துக்கு மத்தியில், எனக்கென்று ஒரு சத்தம் வந்தது. அன்றைக்கு நான் பட்ட பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அவளுக்குப் பதினாறு நடக்கும்போது செங்கோட்டையில் இடம் அமைந்தது. ரயிலில் போனால் கொஞ்ச நேரம். ஆனால் செங்கோட்டை அப்போது திருவாங்கூர் சீமை. பேசுவது தமிழ்தான் என்றாலும் சர்க்கார் கச்சேரிக் காகிதம், பள்ளிக்கூடம் எல்லாம் மலையாளம். மாப்பிள்ளை மரக்கடையில் கணக்கு எழுதுகிறவர்.

நிச்சயம் ஆனதிலிருந்து எனக்கு ஒரே கவலை. பேச்சை வாயில் வைத்திருந்தால் போதாது, இனி தாளில் ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டில் கார்டு வந்தால் மாமா முற்றத்தில் நின்று எல்லோருக்குமாக உரக்க வாசிப்பார். அது வழக்கம். யாருக்கும் தனிக் கடிதம் கிடையாது. என் வீட்டுக்காரர் எனக்கென்று எழுதிய இரண்டு வரியைக்கூட அப்படித்தான் நான் கேட்டிருக்கிறேன்.

வெளுப்புக்குப் போன துணி திரும்பி வந்தால் எண்ணி எடுப்பது என் வேலை. வெளுப்புக்காரர் ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஓரத்தில் ஒரு குறி போட்டிருப்பார், வெளுத்தாலும் போகாத சேங்கொட்டைப் பாலில். எங்கள் வீட்டுக்கு ஒரு கோடும் இரண்டு புள்ளியும். அடுத்த வீட்டுக்குப் பெருக்கல் குறி. எதிர்வீட்டுக்கு மூன்று கோடு. அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஊர்த் துணி முழுவதையும் அதை வைத்தே பிரித்துவிடுவார். ஒரு நாள் மாமாவின் வேட்டியை மடிக்கும்போது எனக்கு உதித்தது. சொடுக்குக்கு இரண்டு புள்ளி. உச்சுக்குப் பெருக்கல். உறிஞ்சுக்கு ஒரு வட்டம். மாமாவுக்கு மூன்று கோடு. வண்டுக்கு, எழுத்துக்கு அடியில் ஒரு சிறு கோடு. அவ்வளவுதான். அவளிடம் கரித்துண்டால் எழுதிக் காட்டினேன். அவள் வாசித்தாள். நான் எழுதியதை, என் வாய் அசையாமல், அவள் வாய் சொன்னது. எங்கள் குலத்தில் அப்படி ஒரு காரியத்தை யார் செய்திருக்கிறார்கள்?

கல்யாணம் முடிந்து போனாள். மாதத்துக்கு ஒரு கார்டு வரும். "தேவரீர் திருவடிகளுக்கு" என்று தொடங்கி எல்லோருடைய சுகத்தையும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி எங்கள் பேச்சு. மாமா அந்த வரிக்கு வந்ததும் கண்ணைச் சுருக்குவார். கோலத்துக்குப் புள்ளிக் கணக்கு என்று நான் சொல்லி வைத்திருந்தேன். "இந்தா, உன் கோலம் வந்திருக்கு" என்று கார்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்வேன். பெரிதாக ஒன்றும் இருக்காது. அங்கே சாம்பாரில் தேங்காய் அதிகம் என்று இருக்கும். மாமியார் பல் கட்டியிருக்கிறாள் என்று இருக்கும். எனக்கு அது போதும். அந்த வீட்டில் என்னிடம் வேலை சொல்லாமல் பேசிய ஒரே வரி அது.

மறு வருஷம் பொங்கலுக்கு வந்தாள். அப்போது மூன்று மாதம். அடுக்களையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். அவள் புருஷன் அவளுக்கு மலையாள எழுத்துச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பு எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

"மதினி, அவுக எழுத்துல வண்டுக்குத் தனி எழுத்து இருக்கு தெரியுமா? சும்மாப் பானா வேற, வண்டுப் பானா வேற. நம்ம கோடே வேண்டாம்."

தண்ணீரில் விரலை நனைத்துத் தரையில் இரண்டு எழுத்து எழுதினாள். முதலில் எழுதினது நம்முடைய பானா போலவே இருந்தது, இடது பக்கம் உள்ளே ஒரு சுழி வளைந்திருந்தது. இரண்டாவதை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால், பார்க்க மனம் வரவில்லை. நான் போட்ட கோட்டை அவள் இனி வேண்டாம் என்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் தொண்டையைத் தடவித் தடவிக் கண்டுபிடித்ததை எவரோ எப்போதோ எழுதியே வைத்திருக்கிறார்கள் என்கிறாள். அத்தை கூப்பிட்டாள். தரை காய்ந்துவிட்டது.

"வெளங்குச்சா மதினி?" என்றாள்.

"வெளங்காம என்ன?" என்றேன் நான்.

இவ்வளவுதான் நடந்தது. இன்னொரு தரம் எழுது என்று கேட்டிருந்தால் எழுதியிருப்பாள்.

ஏழாம் மாதம் சீமந்தம் முடிந்தால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவது எல்லோருக்கும் வழக்கம். ஆனால் செங்கோட்டையிலிருந்து அவள் மாமியார் ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். அங்கேயே கைராசியான மருத்துவச்சி இருக்கிறாள், பிள்ளையை வண்டியிலும் ரயிலிலும் அலைக்க வேண்டாம், பிரசவம் இங்கேயே ஆகட்டும் என்று. அத்தைக்கு ஒப்பவில்லை. மாமாவுக்கோ சம்பந்தி வீட்டோடு மனஸ்தாபம் வந்துவிடக் கூடாது. அந்த வாரத்திலேயே அவள் கார்டும் வந்தது. "அத்தை சொல்லுகிறபடி இங்கேயே இருக்கச் சம்மதம்" என்று எழுதியிருந்தது. அந்த அத்தையை, அவள் மாமியாரை, பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது என்று யாருக்கும் தெரியும். கடைசியில் கோலத்து வரி.

மாமா கார்டைக் கொடுக்கும்போது வழக்கம்போல் போய்விடவில்லை. நின்றார். என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசுகிறவர் இல்லை அவர்.

"அவ மனசுல என்ன இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். இங்கன வரணும்னு இருக்காளா? இருந்தா, நான் போய் யார் கால்லயாவது விழுந்து கூட்டியாந்துருதேன்."

கோலம் இல்லை என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நான் சாயங்காலம் சொல்கிறேன் என்றேன்.

மாட்டுத் தொழுவத்தில் போய் நின்று பார்த்தேன். 'லோ பினு. லோ பினு.' இரண்டு தரம் எழுதியிருந்தாள். பானா நம்முடைய பானா இல்லை. உள்ளே சுழி வளைந்த மலையாளப் பானா. அடியில் கோடு கிடையாது. தனி எழுத்து வந்த பிறகு கோடு எதற்கு, அதைத்தான் பொங்கலுக்கு வந்தபோது சொன்னாளே. அப்படியானால் இந்த வளைந்த பானாதான் வண்டுப் பானா. மதினி வராதே. மதினி வராதே.

எனக்குச் சந்தேகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. அன்று மத்தியானம் வாசலில் செங்கோட்டைக்காரர் ஒருவர் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார். கடைச்சீட்டை மலையாளத்தில் எழுதுகிறவர்தான். கார்டைக் காட்டி, அண்ணாச்சி, இது என்ன எழுத்து என்று ஒரு கேள்வி கேட்டால் முடிந்தது. நான் கதவுக்குப் பின்னால் அவர் கடைசித் தேங்காயை ஏற்றுகிறவரை நின்றேன். எங்கள் பேச்சை ஒரு வெளியாள் வாயில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அதைவிட, எழுத்துப் போட்டவள் நான், எனக்கே வாசிக்கத் தெரியவில்லை என்று ஒருவரிடம் போய் நிற்பதா? வண்டி நகர்ந்தது.

சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். "வேண்டாம்னுட்டா மாமா. அங்கனயே இருந்துக்கிடுதாளாம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சரி என்று போனார். அத்தை இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. நான் ஒரு மாதம் கார்டு எழுதவில்லை. வராதே என்று இரண்டு தரம் எழுதினவளுக்கு நான் என்னத்தை எழுதுவது? புருஷன் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறான், இனி மதினி எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்து நினைத்து அதை உறுதியாக்கிக்கொண்டேன். அந்தத் தடவை சாரலுக்கு வீடு நிறைய ஆட்கள். நான் யாருடைய முகத்தையும் பார்த்த ஞாபகம் இல்லை.

பெண்குழந்தை பிறந்தது. இரண்டு நாள் வலி. பிறகு காய்ச்சல் கண்டு ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வந்தது. அத்தையும் மாமாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்த அத்தை சொன்னாள், பாதி நினைவில் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாளாம்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது வந்தாள். மெலிந்து, தலைமுடி எல்லாம் கொட்டி வேறு ஆளாக இருந்தாள். நான் வாசலில் நின்று ஒரு சொடுக்குச் சொடுக்கினேன். கோபம் எல்லாம் இருந்தாலும் அவளைப் பார்த்ததும் அது தானாக வந்துவிட்டது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து, "நல்லா இருக்கீங்களா மதினி?" என்றாள்.

அதுவரைக்கும் அவள் என்னை 'வா மதினி, போ மதினி' என்றுதான் சொல்வாள். 'இருக்கீங்களா' என்று கேட்டது அன்றைக்குத்தான். அத்தைகூட, மகளுக்கு மரியாதை தெரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். எட்டு நாள் இருந்தாள். எல்லாம் தமிழ்தான். எல்லாம் 'ங்க'தான். பிறகு வந்த கார்டுகளில் கடைசி வரி இல்லை. மாமா வாசித்து முடித்ததும் கார்டைச் சுவரில் இருந்த கம்பியில் குத்திவிடுவார்.

நான்கு வருஷம் போயிற்று. அவள் செய்ததற்கு நான் கோபமாக இருக்கிறேன் என்றுதான் அந்த நான்கு வருஷமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குழந்தைக்குக் காது குத்துக்கு எல்லோரும் செங்கோட்டைக்குப் போனோம். பந்தல், சாப்பாடு எல்லாம் முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்த நேரம். அந்தக் குழந்தை காதில் சந்தனத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, படம் போட்ட மலையாள எழுத்துப் புஸ்தகத்தை விரித்து எனக்கு வாசித்துக் காட்டியது. விரலை ஒவ்வொரு படமாக வைத்துக்கொண்டே வந்தது. ஒரு பக்கத்தில் ஒரு மாடு நின்றது. மாட்டுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு எழுத்து. இடது பக்கம் உள்ளே சுழி வளைந்த பானா.

"பசு" என்றது குழந்தை.

நான் குழந்தையின் கழுத்தில் விரலை வைத்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னது. பிறகு என் கழுத்தில் வைத்து நானே சொல்லிப் பார்த்தேன். மூன்று நான்கு தரம் சொன்னேன். பசுவுக்கு வண்டு கிடையாது. தொண்டை சும்மா இருந்தது.

குழந்தைக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், எழுந்து ஓடிவிட்டது.

அவள் உள் அறையில், சீராக வந்திருந்த சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேருமாக ஒரு சேலையை மடித்து முடித்த பிறகு கேட்டேன்.

"ஏட்டி, அன்னைக்குக் கார்டுல வான்னா எழுதியிருந்த?"

எந்தக் கார்டு என்று அவள் கேட்கவில்லை. "வேற என்ன எழுதுவேன்?"

"வளஞ்ச பானாவ வண்டுப் பானான்னு நெனச்சுட்டேன்."

அவள் கையிலிருந்த சேலையை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் சிரித்தாள். சிரிப்பு முழுதாக வரவில்லை.

"அதுதான் சும்மாப் பானா. தரையில எழுதிக் காட்டுனேன்லா."

"பாக்கல."

"வெளங்குச்சுன்னு சொன்னீங்களே மதினி."

வெளியே யாரோ பந்தல் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னொரு சேலையை எடுத்து முனையை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க படிச்சுட்டு வேணும்னே வராம இருந்தீங்கன்னு நெனச்சேன். இத்தன நாளும்" என்றாள். பிறகு, "யாருகிட்டயாவது காட்டியிருக்கலாம்லா. அங்கன செங்கோட்டை ஆளுக்கா பஞ்சம்?" என்றாள்.

"அது நம்ம பேச்சுல்லாட்டி. எப்படிக் காட்டுவேன்?"

"காட்டியிருந்தா பேச்சுதான போயிருக்கும் மதினி."

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக் காரியம் ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள். அந்தச் சேலையையும் மடித்தோம். அது என் அத்தை எடுத்துக் கொடுத்த சேலை, நல்ல கெட்டிக்கரை, மடிப்புக்கு நிற்கவில்லை.

ஊர் திரும்பியதும் மாமாவிடம் போய், நான்தான் தப்பாக வாசித்துவிட்டேன் என்று சொன்னேன். என் வாழ்நாளில் எனக்குத் தெரியாது என்று நான் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சுவர்க் கம்பியில் இருந்த கார்டுகளைப் பார்த்தார். பிறகு, "நானும் போய் ஒரு வார்த்தை அவகிட்டயே கேட்டிருக்கணும்" என்றார்.

இன்றைக்கும் அந்தப் பேச்சுத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறோம். ஆனால் ஒருத்தியாக அதைப் பேச முடியாது. கிணற்றடியில் வாளியை இறக்கும்போது சில நாள் சொல்லிப் பார்ப்பேன். பதிலுக்கு வாளிதான் மோதும்.

மறு வருஷம் அவள் இரண்டாவது உண்டானாள். இரண்டாவதற்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவது வழக்கமில்லை, யாரும் போய்த் துணைக்கு இருப்பதும் கட்டாயமில்லை. கார்டில் ஒன்றும் கேட்கவும் இல்லை. மாதம் நெருங்கியதும் நான் மாற்றுச் சேலை இரண்டைச் சுருட்டிக்கொண்டு, அத்தையிடம் போகிறேன் என்று சொன்னேன். போகட்டுமா என்று கேட்கவில்லை. ரயிலுக்கு மாமா வந்து ஏற்றிவிட்டார். செங்கோட்டை வீட்டு வாசலில் நான் போய் நின்றபோது அவள் மாமியார்தான் முதலில் பார்த்தாள். சொல்லி அனுப்பவில்லையே என்றாள். சொல்லி அனுப்பாமல்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்து என்னைப் பார்த்து, "வாங்க மதினி, சாப்பிட்டீங்களா?" என்றாள். கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வலி வந்த அன்று அவள் என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் இரண்டு உடைந்தது. இந்தத் தடவை ஒரு ராத்திரியோடு முடிந்தது. மறுபடியும் பெண். அவள் மாமியாருக்கு முகம் வாடியது, எங்களுக்கு வாடவில்லை. நாற்பது நாள் நான் அங்கேயே இருந்தேன். பத்தியம் வைத்தேன். அரைப்பு அரைத்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டுவது என் பொறுப்பு. எனக்குப் பிள்ளை இல்லை, ஆனால் குளிப்பாட்ட எனக்கு நன்றாக வரும். கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்து, திருப்பிப் போட்டு மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும்.

ஒரு நாள் காலை அப்படித் திருப்பிப் போட்டபோது பிள்ளை கண்ணை அகல விழித்து என் முகத்தையே பார்த்தது. நான் ஒரு சொடுக்குச் சொடுக்கினேன். அது அசையாமல் என் வாயைப் பார்த்தது. உறிஞ்சினேன். 'தக்கி' என்றேன், தண்ணீரைத் தொட்டுக் காட்டி. பிறகு வண்டு விட்டு இன்னொரு தரம். அதன் உதடு குவிந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் குவிந்தது.

"மதினி."

கட்டிலில் அவள் விழித்துத்தான் இருந்திருக்கிறாள். ஒருக்களித்துப் படுத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி?"

"பிள்ளைக்கு அதைப் பழக்காதீங்க."

நான் அவளைப் பார்த்தேன். முகத்தில் கோபம் இல்லை. களைத்த முகம்தான்.

"சரி" என்றேன்.

தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. மூக்கைப் பிடித்துவிட்டு, கை காலை நீவிவிட்டு, எல்லா வீட்டிலும் சொல்வதைப் போல, மூக்கு நீளு, கை நீளு, கால் நீளு என்று தமிழில் சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன். பிள்ளை வீறிட்டு அழுதது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.